ஃபார்ம்ல உங்க பேரு வருமா சார்?

விசா எடுத்துத் தர்றேன்னு சொல்ற எந்த ஆளுகிட்டயும் நான் கேக்கச் சொல்றது ஒன்னே ஒன்னுதான். "அப்ளிகேசன்ல ரெப்ரசன்டேட்டிவ்னு உங்க பேரு வருமா சார்?" வரும், என் லைசென்ஸ் நம்பரும் வரும்னு சொன்னா மேக்கொண்டு பேசலாம். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நீங்களே அப்ளை பண்ற மாதிரி போட்டுருவோம்"னு சொன்னா, டீ குடுத்தா குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துருங்க.

நான் வக்கீலும் இல்ல கன்சல்டன்டும் இல்ல. மதுரைல பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்குற ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேசன், லேமினேசன், ஸ்பைரல் பைண்டிங். மேலூர்ல இருந்து வர்றவரு, உசிலம்பட்டில இருந்து வர்ற தம்பி, சிவகங்கைப் பக்கம் இருந்து மகன் ஃபைலத் தூக்கிட்டு வர்ற அப்பா, எல்லாரு பேப்பரும் எங்க மெசின் வழியாத்தான் போகுது. பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர், அக்ரிமென்ட் எல்லாம். படிக்கக் கூடாதுதான், ஆனா நேரா வச்சுத்தான ஜெராக்ஸ் எடுக்கணும், கண்ணுல பட்டுருது.

சமீபத்துல ஒரு தம்பி வந்தாப்ல. பிஇ மெக்கானிக்கல், கனடாவுக்கு ஸ்டடி பெர்மிட், அதாவது அங்க போய்ப் படிக்கிறதுக்கான அனுமதி. ஃபைல் நல்லா கனமா, மேல பளபளன்னு கன்சல்டன்சி லோகோ. எல்லாத்தையும் ரெண்டு செட் கலர் எடுக்கச் சொன்னாப்ல. முதல் தாள் ஃபீஸ் விவரம், அதுல "எம்பசி ஃபீஸ் 60,000"ன்னு ஒரு வரி. எனக்கு அங்கயே உறுத்துச்சு, ஏன்னா கனடா ஸ்டடி பெர்மிட்டுக்கு கவர்மென்ட் வாங்குறது 150 கனடா டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு 85, மொத்தம் 235 டாலர், நம்ம காசுக்கு சுமாரா 15,000 ரூபாதான் வரும். சிஸ்டத்துல கனடா கவர்மென்ட் பக்கத்த ஓப்பன் பண்ணிக் காட்டுனேன். அதுலயும் இத எம்பசில கட்டுறதே கிடையாது, ஆன்லைன்ல கார்டு போட்டுக் கட்டுறது.

அப்புறம் அப்ளிகேசன் ட்ராஃப்ட். அதுல இருந்த மெயில் ஐடி தம்பி பேரு மாதிரியே இல்ல.

"இது யாரு மெயில் தம்பி?"

"அவங்க ஆபீஸ்ல எனக்காக க்ரியேட் பண்ணதுண்ணே."

"பாஸ்வேர்டு?"

"அவங்ககிட்டதான் இருக்கு. நம்ம லாகின் பண்ணா ஃபைல் லாக் ஆயிரும்னாங்க."

"5476 ஃபார்ம்ல கையெழுத்து வாங்குனாங்களா?"

"அப்டின்னா?"

ஐஎம்எம் 5476. கனடால நமக்காக வேற ஒரு ஆளு பேசப்போறாருன்னா அவரு யாரு, காசு வாங்குறாரா இல்லையா, காசு வாங்குனா எந்த லைசென்ஸ்ல வாங்குறாருன்னு சொல்ற ஃபார்ம் அது. நம்ம கையெழுத்தும் இருக்கும், அவரு கையெழுத்தும் இருக்கும். தம்பி அங்கேயே நின்னு கன்சல்டன்சிக்கு ஃபோன் போட்டுக் கேட்டாப்ல. அதுக்கு வந்த பதில் ஸ்பீக்கர்ல எனக்கே கேட்டுச்சு, "அந்த ஃபார்ம் வச்சா ஏஜென்ட் மூலமா வந்த ஃபைல்னு ரிஜெக்ட் பண்ணிருவான்ப்பா, எந்த ஜெராக்ஸ் கடைல நிக்கிற?" ஜெராக்ஸ் கடைன்னு எப்படிக் கண்டுபுடிச்சாருன்னு இப்ப வரைக்கும் தெரியல, இந்த ஃபோன் அவருக்குப் புதுசு இல்ல போல.

அவரு சொன்னது பச்சப் பொய். லைசென்ஸ் உள்ள ஆளு பேரப் போட்டா ரிஜெக்ட் ஆகாது, ஸ்பெசல் கவனிப்பும் கிடைக்காது, எல்லா ஃபைலும் ஒரே வரிசைதான். மாறா காசு குடுத்து ஆளு வச்சுக்கிட்டு அத மறைச்சாத்தான் நமக்கு வில்லங்கம். கனடா இமிகிரேசன் சட்டத்துல 91ன்னு ஒரு செக்சன் இருக்கு, காசு வாங்கிட்டு விசாவுக்கு அட்வைஸ் பண்றவன் ஒன்னு அங்க ஏதாவது ஒரு மாகாணத்துல வக்கீல் லைசென்ஸ் குடுக்குற லா சொசைட்டில மெம்பரா இருக்கணும், இல்ல கியூபெக் நோட்டரி சேம்பர்ல இருக்கணும், இல்லாட்டி சிஐசிசின்னு சொல்ற கன்சல்டன்ட் காலேஜ்ல (பேருதான் காலேஜ், படிக்கிற இடம் இல்ல) லைசென்ஸ் வாங்கிருக்கணும். 2021 நவம்பர்ல இருந்து கன்சல்டன்ட்களுக்கு இந்தக் காலேஜ்தான், அதுக்கு முன்னாடி ஐசிசிஆர்சின்னு வேற அமைப்பு இருந்துச்சு. இன்னமும் பழைய ஐசிசிஆர்சி லோகோவ ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கிட்டு உக்காந்திருக்காய்ங்க, அதுவே ஒரு அடையாளம்.

சட்டம் கனடாவுல இருக்கு, கன்சல்டன்ட் பைபாஸ் ரோட்டுல இருக்காரு, அதான் சிக்கல். மாட்டுத்தாவணில ஆம்னி பஸ்ல ஏத்திவிடுற ஆளு மாதிரி, வண்டி கிளம்புற வரைக்கும் "ஏசி சார், புஷ்பேக் சார்"னு பேக்கத் தூக்கிட்டு கூடவே வருவாப்ல, பஸ் மேலூர் தாண்டி நின்னுபோனா அவரு நம்பர் நாட் ரீச்சபிள். ஃபார்ம்ல பேரு இல்லைன்னா அந்த அப்ளிகேசன்ல அவரு இருந்தாருங்கறதுக்கே ஆதாரம் கிடையாது, எல்லாம் நீங்களே பண்ணது.

அந்தத் தம்பி ஃபைல்ல இன்னொன்னும் இருந்துச்சு. காலேஜ் முடிச்சு ரெண்டு வருசம் வீட்டுல சும்மா இருந்திருக்காப்ல, நம்ம ஊர்ல அது சகஜம். ஆனா ஃபைல்ல ஒரு கம்பெனி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், சீல் எல்லாம் குத்தி. "இங்க வேல பாத்தியா தம்பி?"ன்னேன். லெட்டர வாங்கிப் பாத்துட்டு முழிச்சாப்ல, அப்டி ஒரு கம்பெனி பேரையே இப்பதான் கேள்விப்படுறாராம். கேப் இருந்தா ரிஜெக்ட் ஆயிரும்னு அவங்களே "அரேஞ்ச்" பண்ணிட்டாங்க. இது கனடாக்காரன் கைல மாட்டுனா மிஸ்ரெப்ரசன்டேசன், அதாவது பொய்த் தகவல் குடுத்த குத்தம், அஞ்சு வருசம் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. எனக்குத் தெரியாது ஏஜென்ட் வச்சதுன்னு சொன்னா பொதுவா எடுபடாது, அப்ளிகேசன்ல கையெழுத்து நம்மளோடது. பிரிட்டன்ல ஏமாத்துனதா முடிவு பண்ணா பத்து வருசம் வரைக்கும் தடை, ஆஸ்திரேலியால மூணு வருசம், அமெரிக்கால ஆயுசுக்கும், வெய்வர்னு சொல்ற விலக்கு கிடைச்சாத்தான் உண்டு. 2023ல பஞ்சாப் பசங்க நூத்துக்கணக்குல கனடால இந்தச் சிக்கல்ல மாட்டுனாங்களே, ஞாபகம் இருக்கா? காலேஜ் அட்மிசன் லெட்டரே போலி, படிச்சு முடிச்சு அங்கயே நிரந்தரமாத் தங்குறதுக்கு பிஆர் போடுறப்பதான் தெரியுது. அந்த லெட்டரக் குடுத்த ஜலந்தர் ஏஜென்ட் பின்னாடி கனடாலயே புடிபட்டு ஜெயிலுக்குப் போனாரு, ஆனா பசங்க பட்டது பட்டதுதான. அதுக்கப்புறம் 2023 டிசம்பர்ல இருந்து ஒவ்வொரு அட்மிசன் லெட்டரையும் காலேஜ்லயே கேட்டு சரிபாத்துட்டுத்தான் ஃபைலத் தொடுறாங்க.

தம்பி ஃபைல் இன்னும் சப்மிட் ஆகல, அதனால தப்பிச்சாப்ல. அட்வான்ஸ் குடுத்ததுல பாதிதான் திரும்பி வந்துச்சு, அதுவும் அவுக மாமா ஒருத்தரு ஹைகோர்ட் பெஞ்ச்ல வக்கீலு, அவரு நோட்டீஸ் விட்ட பிறகு.

இங்க ஒன்னு சொல்லணும். நம்ம ஊரு வக்கீலு எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும், ஒத்தக்கடைல பெஞ்சுக்குத் தினம் போறவரா இருந்தாலும், கனடா விசாவுக்குக் காசு வாங்கி ரெப்ரசன்டேட்டிவா நிக்க முடியாது. அங்க லா சொசைட்டில பேரு இருக்கணும். அதனால போர்டுல "அட்வகேட்"னு இருந்தா மயங்கிராதீங்க. ஏமாத்துனவன் மேல இங்க கேஸ் போடணும்னா அப்ப அவருதான் வேணும்.

சரி, லைசென்ஸ் இருக்குன்னு சொல்றாப்ல, எப்டிப் பாக்குறது? சிஐசிசி சைட்ல பப்ளிக் ரெஜிஸ்டர் இருக்கு, பேரையோ ஆர்ல தொடங்குற நம்பரையோ போட்டா ஆள் ஆக்டிவா, சஸ்பெண்டான்னு வந்துரும், யாரு வேணா பாக்கலாம், காசு கிடையாது. ஆனா பாதிப் பேரு இங்கதான் நிறுத்திர்றாங்க. நம்பர் நெசமா இருக்கும், ஆளு வேறயா இருப்பாரு. டொரன்டோல இருக்குற யாரோ ஒரு கன்சல்டன்ட் நம்பர எடுத்து விசிட்டிங் கார்டுல போட்டுக்கிறது. அதனால ரெஜிஸ்டர்ல இருக்குற மெயிலுக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்க, "மதுரைல இன்ன ஆபீஸ் உங்க பேரச் சொல்லுது, உங்க ஆளுதானா?"ன்னு. உங்க பேருல அக்ரிமென்ட் போடுறது அவரா, வீடியோ கால்ல வருவாரான்னு கேளுங்க. நெசமான ஆளுன்னா வருவாரு. வக்கீல்னா அந்த மாகாண லா சொசைட்டி சைட்ல பேரத் தேடுங்க, ஒன்டாரியோவுக்கு லா சொசைட்டி ஆஃப் ஒன்டாரியோ.

மத்த நாட்டுக்கும் இதே கததான், பேருதான் மாறும். ஆஸ்திரேலியாவுக்கு ஒமாரான்னு ஏஜென்ட்களப் பதியுற அரசு அமைப்பு, ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஏழு இலக்க நம்பர், 956ன்னு ஃபார்ம். 2021 மார்ச்ல இருந்து அங்க உள்ள வக்கீல்கள் தனியா ஒமாரால பதிய வேண்டியதில்ல, வக்கீல் சர்டிபிகேட் போதும். ஆனா ஆஸ்திரேலியாவுக்கு வெளில ஆபீஸ் போட்டவனுக்கு அந்த ரெஜிஸ்ட்ரேசன் கட்டாயமே இல்ல, அதத்தான் இங்க உள்ளவங்க பிடிச்சுக்கிறாங்க, "நாங்க எல்லாம் லீகல்தான் சார்"னு. லீகல்தான், ஆனா தப்பு நடந்து கம்ப்ளைன்ட் பண்ணா ஒமாரா வராது, வேணும்னே நம்பர் உள்ளவரத் தேடுங்க. நியூசிலாந்து இதுல கறாரு, உலகத்துல எங்க உக்காந்து சொன்னாலும் லைசென்ஸ் வேணும், ஸ்டூடன்ட் விசாவுக்கு மட்டும் வெளிநாட்டு ஏஜென்ட்டுக்கு விலக்கு. பிரிட்டன்ல அட்வைசர்களப் பதியுற அமைப்பு, ஓஐஎஸ்சின்னு இருந்தத 2025 ஜனவரில இமிகிரேசன் அட்வைஸ் அத்தாரிட்டின்னு மாத்திட்டாங்க, அதுல பதிஞ்சிருக்கணும், இல்லாட்டி சொலிசிட்டர்னு சொல்ற அங்கத்து வக்கீலா இருக்கணும்.

பிரிட்டன்ன உடனே ஞாபகம் வருது. கோரிப்பாளையம் பக்கம் தூண்ல இன்னமும் "யூகே கேர் ஒர்க்கர் விசா, ஸ்பான்சர்ஷிப் உறுதி"ன்னு நோட்டீஸ் ஒட்டுறாய்ங்க. வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் ஒர்க்கர் எடுக்குறதையே அவங்க 2025 ஜூலைல நிறுத்திட்டாங்க. ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்டுங்கறது வேல குடுக்குற கம்பெனி தர்றது, அத விலைக்கு விக்கிறதே தப்பு. அதுக்கு ஒரு அக்கா நகைய அடகு வச்சு லட்சக்கணக்குல கட்டிட்டு, அந்த ரசீத ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க, ரசீதுன்னா கம்பெனி பேரு இல்லாத ஒரு வவுச்சர் தாளு. நான் என்ன சொல்ல.

அமெரிக்கான்னா இன்னொரு மாதிரி. அங்க காசு வாங்கிட்டு இமிகிரேசன் அட்வைஸ் பண்ண ஏதாவது ஒரு ஸ்டேட்ல வக்கீலா இருக்கணும், இமிகிரேசன் சென்ட்ரல் சட்டம்ங்கறதால டெக்சாஸ் வக்கீலு நியூஜெர்சி ஆளுக்கும் பாக்கலாம். இல்லாட்டி நீதித்துறை அங்கீகாரம் பெத்த தொண்டு அமைப்புகள்ல உள்ள பிரதிநிதிங்க. ஆஜராகுற ஆளு பேரு ஜி-28 ஃபார்ம்ல வரும். ஸ்டேட் பார்னு சொல்ற அந்த ஸ்டேட் வக்கீல் அமைப்போட சைட்ல பேரு போட்டா லைசென்ஸ் ஆக்டிவான்னு தெரியும், கலிபோர்னியா மாதிரி ஸ்டேட்ல மேல நடவடிக்கை எடுத்திருந்தா அதுவும் அங்கயே போட்டிருக்கும். நம்ம ஊர்ல நோட்டரின்னா வக்கீலாத்தான் இருப்பாரு, அங்க நோட்டரி சாதாரண ஆளு, கையெழுத்துக்கு சாட்சி மட்டும்தான், அவருகிட்டப் போய் கிரீன் கார்டு பேப்பர் குடுத்துறாதீங்க. எச்1பி வேலை விசால இருக்குற பசங்களுக்கு ஒன்னு, கம்பெனி வச்சிருக்குற வக்கீலு கம்பெனிக்கும் வக்கீலு. உங்களுக்கும் கம்பெனிக்கும் முட்டிக்கிச்சுன்னா அவரு உங்க பக்கம் நிப்பாருன்னு எதிர்பாக்காதீங்க, தனியா ஒருத்தர்கிட்ட காசு குடுத்துப் பேசிக்கோங்க. எச்1பி ஃபைலிங் செலவ உங்க தலைல கட்டுற கம்பெனியும் தப்பான கம்பெனிதான், அது அவங்க கட்ட வேண்டியது. அப்புறம் கிரீன் கார்டு லாட்டரின்னு வாட்ஸாப்ல சுத்துதே, இந்தியால பிறந்தவங்களுக்கு அந்த லாட்டரி பொதுவா கிடையவே கிடையாது.

நல்ல வக்கீல எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு கேட்டா, என் அனுபவத்துல நல்ல ஆளுங்க முதல்ல கடுப்பாத்தான் பேசுவாங்க. முன்னாடி எங்கயாவது விசா ரிஜெக்ட் ஆயிருக்கா, கேஸ் ஏதும் இருக்கா, ரெண்டு வருசம் என்ன பண்ணீங்கன்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. "நூறு பர்சன்ட் கேரன்டி"ன்னு வாயில வராது, உத்தரவாதம் குடுக்கக் கூடாதுன்னு அவங்க தொழில் விதியே இருக்கு. முதல் தடவ பேசுறதுக்கே ஃபீஸ் கேப்பாங்க. நம்மாளுங்களுக்கு இதுதான் தாங்காது, "பேசுறதுக்கே காசாய்யா?"ன்னு கோவிச்சுக்கிட்டு, ஃப்ரீ கவுன்சிலிங்னு போர்டு போட்ட ஏசி ரூமுக்குப் போயிருவாங்க. ஃப்ரீயா எப்படிக் கட்டுப்படியாகுது? காலேஜ்காரன் கமிசன் தர்றான், எந்தக் காலேஜ் கூடத் தருதோ அதுலதான் சீட்டு போட்டுத் தருவாங்க. காலேஜ் செலக்சனுக்கு அவங்ககிட்டப் போறது தப்பில்ல, விசாவுக்கு யோசனை கேக்குறதுதான் தப்பு.

அப்புறம் அக்ரிமென்ட். யாரு வேல பாக்கப் போறாரு, எவ்ளோ ஃபீஸ், கவர்மென்ட் ஃபீஸ் தனியா எவ்ளோ, நடுவுல விட்டா எவ்ளோ திரும்பும், எல்லாம் எழுத்துல வேணும். நான் பாக்குற அக்ரிமென்ட் பாதிக்கு மேல 20 ரூபா பத்திரத்துல கஸ்டமர் என்ன என்ன பண்ணக் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு. வெத்து ஃபார்ம்ல கையெழுத்துப் போடாதீங்க, மெயில் ஐடி உங்களோடதா இருக்கட்டும், சப்மிட் பண்றதுக்கு முன்னாடி முழு ஃபைலையும் பிடிஎஃப்பா வாங்கி ஒவ்வொரு தாளாப் படிங்க. இங்கிலீஷ் தகராறுன்னா படிச்ச புள்ள யாரையாவது பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

எல்லாத்துக்கும் வக்கீலு வேணுமான்னா வேணாம். மகனப் பாக்க விசிட்டர் விசால போற அம்மா அப்பாவுக்கு மகனே உக்காந்து ஃபில் பண்ணிரலாம், ஃபார்ம் எல்லாம் ஃப்ரீதான், சொந்தக்காரங்க காசு வாங்காம உதவி பண்றதுக்குத் தடையும் இல்ல. ரிஜெக்ட் ஆகி திரும்பப் போடணும், போலீஸ் கேஸ் இருக்கு, பேப்பர்ல சந்தேகம்னு லெட்டர் வந்திருக்கு, இந்த மாதிரின்னா மட்டும் யோசிக்காம வக்கீல்கிட்டப் போங்க. கனடால ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகணும்னா கன்சல்டன்ட் ஆஜராக முடியாது, வக்கீல்தான், அதுலயும் கனடாவுக்கு வெளில எடுத்த முடிவுன்னா 60 நாளுக்குள்ள போடணும், உள்ள எடுத்ததுன்னா 15 நாள்தான்.

வளைகுடாவுக்குப் போறவங்க கணக்கே வேற, அது விசா வக்கீல் விசயம் இல்ல, ஆள் எடுக்குற ஏஜென்ட் விசயம். 1983 எமிக்ரேசன் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசு லைசென்ஸ் வேணும், மத்திய அரசோட இமைக்ரேட் சைட்ல லிஸ்ட் இருக்கு. சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான், அதுக்கு மேல வாங்கக் கூடாது. ஊருக்குள்ள வந்து பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போற சப் ஏஜென்டுக்கு சட்டத்துல இடமே இல்ல. போர்டுல ஜிஎஸ்டி நம்பரப் பெருசா போட்டு "கவர்மென்ட் ரெஜிஸ்டர்டு"ன்னு எழுதிருப்பாய்ங்க, முறுக்குக் கம்பெனிக்கும்தான் ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. டூரிஸ்ட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னா கிளம்பாதீங்க. தாய்லாந்து, கம்போடியா டேட்டா என்ட்ரி வேலைன்னு போன நம்ம பசங்கள மியான்மர்ல அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி பண்ண வச்சாங்களே. தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேசன் சென்னைல இருக்கு, அங்க என்ன வேல வந்திருக்குன்னு முதல்ல பாருங்க.

ஏற்கனவே காசு குடுத்துட்டேன் இப்ப என்ன பண்றதுன்னு கடைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது. போய் சண்ட போடாதீங்க, சண்ட போட்டா பாஸ்வேர்டு வராது. நல்லபடியாப் பேசி முதல்ல அக்கவுன்ட் லாகின், சப்மிட் பண்ண ஃபைல் காப்பி, ஒரிஜினல் பாஸ்போர்ட் மூணையும் கைல வாங்கிருங்க. ஃபைல்ல பொய் இருக்குன்னு தெரிஞ்சா அந்த நாட்டு லைசென்ஸ் உள்ள வக்கீல் ஒருத்தர்கிட்ட ஃபீஸ் கட்டிக் கேட்டுட்டு, வாபஸ் வாங்கணுமா, திருத்தி எழுதிக் குடுக்கணுமான்னு முடிவு பண்ணுங்க, நீங்களாப் பயந்துபோய் ஒரு மெயில் தட்டி விட்டுறாதீங்க. ஆன்லைன்ல பணம் போயிருந்தா அன்னிக்கே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட்டாக லேட்டாக பணத்தப் புடிக்க முடியாது. நேர்ல குடுத்ததுக்கு வாட்ஸாப் சாட், ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வவுச்சர் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எஸ்பி ஆபீஸ்லயோ கமிசனர் ஆபீஸ்லயோ மனு குடுங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டும் இருக்கு. அந்த செட்ட அடுக்கிக் குடுக்குறது நம்ம கடைலயே பண்றோம், ஞாயித்துக்கிழம மட்டும் லீவு.